கிணற்றைக் கேட்டு வெள்ளாமை

கோயமுத்தூரிலிருந்து அன்னூர் போய், அங்கிருந்து அவிநாசிக்குப் பிரயாணம் செய்தால், எதிரே வரும் வாகனங்களில் ஒன்றை மட்டும் மறக்க முடியாது. முதுகின்மேல் நெட்டையான இரும்புக் கோபுரம் ஒன்றைப் படுக்க வைத்துக் கொண்டு, குழாய்கள் ஏற்றிய இன்னொரு லாரியையும் துணைக்கு அழைத்துக் கொண்டு, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி மெள்ள மெள்ள வரும். பூமியைத் துளைக்கும் ரிக் வண்டி அது. அநேகமாகத் திருச்செங்கோட்டிலிருந்து வந்திருக்கும். இந்தத் தொழிலில் திருச்செங்கோட்டுக்கு இந்தியா முழுவதும் பெயர்.

"இந்த லாரி எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊர்தான் நமக்கும்" என்றார் உடன் வந்த ஓவியர். படம் போடுவதற்கு அந்தக் கோபுரம் வாய்ப்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு. நிலத்தடி நீரைப் பற்றி எழுதிக் கொண்டு வரும்படி ஆசிரியர் அனுப்பியிருந்ததால் நானும் சம்மதித்தேன்.

அன்னூரில் சாயா குடித்து விட்டு, அவிநாசிப் பஸ்ஸில் ஏறி, கருவலூருக்கு முன்னால் ஓரிடத்தில் இறங்கினோம். எந்தத் தோட்டம் என்று யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. காது காட்டிக் கொடுத்தது. ஒரு மைல் தூரத்துக்கு அந்த ரிக்கின் இரைச்சல் கேட்டது. கிட்டப் போனால் தென்னை ஓலை, மாட்டுக் கொட்டகை, மனிதர்களின் புருவம் எல்லாவற்றின் மேலும் ஒரே வெண்தூள். பாறையை மாவாக அரைத்துக் காற்றால் மேலே ஊதிக் கொண்டிருந்தார்கள்.

"எத்தனை அடி ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"தொள்ளாயிரத்து நாப்பதுங்க" என்றார் தோட்டத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"தண்ணீர்?"

பதில் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதிலும் வெண்தூள்தான்.

அந்தத் தோட்டத்தில் அது நாலாவது போர்.

காடும் தோட்டமும்

இரைச்சல் தாங்காமல் பழைய கிணற்றுப் பக்கம் ஒதுங்கினோம். அங்கே ஒரு வேப்ப மரத்தடியில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்காரரின் தகப்பனார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சத்தத்துல என்ன பேச முடியும்?" என்று கட்டிலில் இடம் விட்டார்.

அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கிணறு என்று சொல்லுவதைவிடப் பாறையில் வெட்டிய மாளிகை என்று சொல்லலாம். சதுரமாக, எண்பது அடி ஆழத்துக்கு உளியும் வெடியும் கொண்டு இறக்கியது. பக்கவாட்டில் கற்படிகள். அடியிலே ஒரு சொட்டு இல்லை. இரண்டு புறாக்கள் குடித்தனம் நடத்திக் கொண்டிருந்தன.

கொங்கு நாட்டில் 'காடு' என்றால் மரங்கள் அடர்ந்த வனம் அல்ல. மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கிற நிலம் காடு. கிணற்றை நம்பி விளைகிற நிலம் தோட்டம். "எங்க அப்பாரு காலத்துல ரெண்டு ஏக்கரா தோட்டம், அஞ்சு ஏக்கரா காடு" என்றார் பெரியவர். அப்பாரு என்பது இங்கே பாட்டனாரைக் குறிக்கும்.

"ஏன் ஏழு ஏக்கரையும் தோட்டமாக்கவில்லை?" என்றார் ஓவியர்.

பெரியவர் சிரித்தார். "மாடு விடாதுங்களே!"

கவலை ஓட்டுவதைப் பார்த்திராத இந்தக் காலத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். இரண்டு காளைகள் வடத்தை இழுத்துக் கொண்டு சரிவில் இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலேறி வரும். சாலின் அடியில் கட்டிய தோல் தும்பி வழியாக அது வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி மேடேறும். சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியற்காலையிலே பூட்டினால் வெயில் ஏறும் வரையில் இதே வேலைதான். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இறைப்பு நின்றால் கிணறு ஊறும். ராத்திரி முழுவதும் பாறை இடுக்குகளிலிருந்து கசிந்து கசிந்து, காலையில் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்து நிற்கும்.

"கெணத்துக்கும் மாட்டுக்கும் ஒரே நேரத்துல ஓய்வுங்க" என்றார் பெரியவர்.

மோட்டார் வந்த கதை

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியதும், கோவை ஜில்லாவுக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளைப் பின்பற்றிப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளில் மோட்டாரும் பம்பும் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரை ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தக் கோயமுத்தூரில்தான் செய்தார்கள்.

மோட்டார் வந்ததும் மாட்டுக்கு விடுதலை. கிணற்றுக்கோ ஓய்வு போயிற்று. தரையில் நிற்கிற பம்பு சுமார் 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. ஆகையால் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் படி படியாக இறக்கினார்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் மோட்டார் வந்தது. அப்புறம் ஆழத்துக்கு எல்லையே இல்லை.

மின்சாரத்துக்கு விவசாயி கொடுத்த விலையும் சாதாரணமானதல்ல. 1970-ல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கிளர்ச்சி நடந்தபோது, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. உயிரைக் கொடுத்துப் பெற்றதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மாட்டுக்குக் களைப்பு உண்டு, மோட்டாருக்கு இல்லை. கட்டணமும் இல்லையென்றால் 'போதும், நிறுத்து' என்று சொல்ல யாருமே இல்லை.

"ஒருத்தன் நூறடி போனா அடுத்தவன் இருநூறு. அவன் இருநூறு போனா இவன் ஐந்நூறு. பந்தயம் கட்டின மாதிரி எல்லாரும் கீழே போனோம் தம்பி. தண்ணி எங்களுக்கு முந்திக் கீழே போயிருச்சு" என்றார் பெரியவர்.

ஒரு கேள்வி

பகல் பன்னிரண்டு மணிக்கு ரிக் ஆட்கள் சாப்பிட நிறுத்தினார்கள். தோட்டத்துக்காரர் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். 'சிக்கனமாகப் பாசனம் செய்யலாகாதா?' என்று பட்டணத்துப் பத்திரிகைக்காரனுக்கே உரிய புத்திசாலித்தனத்துடன் ஒரு கேள்வி கேட்டேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஒரு தென்னையின் அடியைக் காட்டினார். அங்கே கறுப்புக் குழாய் வளையம், அதில் டிரிப்பர்கள்.

"2013-லயே சொட்டு நீர் போட்டேனுங்க சார். சர்க்கார் மானியம் கொடுத்தாங்க. வாய்க்கால்ல ஒரு பொட்டுத் தண்ணி உடறதில்லை. இதுக்கு மேல என்ன செய்யச் சொல்றீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்திரிகைகளில் நாங்கள் எழுதும் யோசனை எல்லாவற்றையும் அவர் செய்து விட்டிருந்தாரே!

"மிச்சமான தண்ணீர் என்ன ஆயிற்று?" என்று ஓவியர்தான் கேட்டார். விஷயம் தெரியாதவர்கள் சில சமயம் சரியான கேள்வியைக் கேட்டு விடுகிறார்கள்.

"அதை வச்சுத்தான் காடு அஞ்சு ஏக்கராவையும் தோட்டம் பண்ணினேன். தென்னையும் வாழையும் வச்சேன்."

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் கொங்கு நாடெங்கும் தென்னைகள் தலை சாய்ந்தன. இவர் தோட்டத்திலும் பாதி மரம் போயிற்று. மீதியைக் காப்பாற்ற இரண்டாவது போர், மூன்றாவது போர். இப்போது இது.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு

பிற்பகல் முழுவதும் வேப்ப மரத்தடியில் கணக்குப் போட்டேன். கணக்கு என்றாலே பக்கத்தைப் புரட்டும் வாசகர்கள் இதை மட்டும் மன்னிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான்.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால், அது ஏறக்குறைய 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். ஏக்கருக்கு 70 தென்னை. கோடையில் ஒரு மரத்துக்குச் சொட்டு நீராக நாளைக்கு 65 லிட்டர் அளவில் விட்டால் போதும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆக, வாரத்துக்கு 32 ஆயிரம் லிட்டர். வாரம் ஓர் அங்குலம் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரமாதமான சிக்கனம்! சந்தேகமே இல்லை.

இப்போது வரவுப் பக்கம். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் விழுவது 24 லட்சம் லிட்டர். ஆனால் அடியில் இருப்பது மணல் அல்ல, கருங்கல். மேலே சிதைந்த பாறையிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்க முடியும். வெயில் குடித்தது, பயிர் குடித்தது, ஓடையில் ஓடியது போக, இம்மாதிரிப் பூமியில் கிணற்றுக்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு அளவே. ஏக்கருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்.

தென்னை ஓர் ஏக்கருக்குச் சொட்டு நீரில்கூட வருஷத்துக்கு 10 லட்சம் லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதாவது ஒரு ஏக்கர் தோப்பு நாலு ஏக்கருக்கு மேற்பட்ட மழையைக் குடிக்கிறது! நம் தோட்டத்துக்காரருடைய ஏழு ஏக்கரிலும் பூமிக்குள் இறங்கும் வரவு ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர். ஏழிலும் தென்னை என்றே வைத்துக் கொண்டாலும் செலவு 70 லட்சம். வாழை அதைவிட அதிகம் கேட்கும்.

பாட்டனார் அஞ்சு ஏக்கராவைக் காடாக விட்டு வைத்தது சோம்பலினால் அல்ல. அந்தக் காடுதான் தோட்டத்துக்கு மழையைக் குடித்துக் கொடுத்துக் கொண்டிருந்தது.

நோட்டுப் புத்தகத்தைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "இன்னொண்ணும் எழுதிக்குங்க தம்பி" என்றார். "வாய்க்கால்ல பாய்ச்சறப்போ வீணாப் போச்சுன்னு சொல்றோமே, அதுல கொஞ்சம் கசிஞ்சு கெணத்துக்கே திரும்பி வந்துட்டிருந்தது. குழாய்ல விட்டா அதுவும் வராது. அதனால மிச்சம் பண்ணினதா நெனைக்கிறதுல பாதிதான் மிச்சம்."

நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவைத் திறந்து எழுதிக் கொண்டேன்.

சிவப்புக் கோடுகள்

"பக்கத்துத் தோட்டத்து அம்மிணியைப் பாத்துட்டுப் போங்க" என்று பெரியவர் எங்களை அனுப்பினார்.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஆறு ஏக்கர் பூமி. அதில் ஒரு ஏக்கர் தென்னை. மீதியில் சோளக் காடு, ஆட்டுப் பட்டி, ஒரு மூலையில் பண்ணைக் குட்டை. அவருடைய கிணற்றிலே தண்ணீர் கிடந்தது! அடியில்தான்; ஆனாலும் தண்ணீர். அதைவிட ஆச்சரியம், கிணற்றுச் சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சிவப்புக் கோடுகள்.

"என்னக்கா இது, தெர்மாமீட்டரா?" என்றேன்.

"அப்படித்தான் வச்சுக்குங்க தம்பி. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு, தை ஒண்ணாந் தேதி எட்டிப் பாப்பேன். மேல் கோட்டுக்குத் தண்ணி நின்னா, அந்த வருசம் ஒரு ஏக்கரா காய் வைப்பேன். நடுக் கோட்டுல நின்னா அரை ஏக்கரா. அடிக் கோடுன்னா தென்னைக்கும் மாட்டுக்கும் மட்டும்தான். விதைப் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டேன்."

"விலை நன்றாக இருக்கிற வருஷம் மனம் கேட்குமா?"

"கேக்காதுங்க. தக்காளி விலை ஏறினப்போ என் பையனே சண்டைக்கு வந்தான். வெள்ளாமை வைக்கிறதுக்குச் சந்தையைக் கேக்கலாம். ஆனா கெணத்தை முதல்ல கேக்கணும். கெணறு கடன் குடுக்காது கண்ணு."

சொட்டு நீர் அவரிடமும் உண்டு. அதை எப்படி வைத்துக் கொள்கிறார் என்று காட்டினார். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். டிரிப்பர் வாயில் உப்புப் படிந்து அடைத்துக் கொள்ளும். வாரம் ஒரு தரம் குழாயின் கடைமூடியைத் திறந்து அழுக்கை ஓட விடுகிறார். ஃபில்டரைக் கழுவுகிறார். அணில் கடித்த ஓட்டையை அன்றைக்கே அடைக்கிறார். மரத்தடியில் தேங்காய் மட்டையும் ஓலையுமாக முழங்கால் உயரத்துக்கு மூடாக்கு. கையை விட்டுப் பார்த்தேன். வெளியே மண் சுட்டது. உள்ளே ஜில்லென்று ஈரம். மாலை மங்கிய பிறகுதான் வால்வைத் திறக்கிறார்.

"சொட்டு நீர் நல்லதுதானுங்க. ஆனா அது நகைச் சீட்டு மாதிரி. மிச்சம் பிடிச்சதை எடுத்து உடனே செலவு பண்ணிட்டா அப்புறம் சீட்டு எதுக்கு?"

என் நோட்டுப் புத்தகத்துக் கணக்கு முழுவதும் அந்த அம்மாளின் ஒரு வாக்கியத்தில் அடங்கி விட்டது.

குளத்துக்கு வந்த விருந்தாளி

ஊர்க் குளத்தையும் போய்ப் பார்த்தோம். கரையோரத்தில் ஒரு குழாய். குளத்தின் நடுவே கொக்குகள். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தின் தண்ணீர். அறுபது வருஷத்துக்கும் மேலாக இந்தச் சீமை கேட்டுக் கொண்டிருந்த திட்டம், 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீரில், வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நிலையங்களில் இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். குளத்தில் நிற்பது கசிந்து கிணறுகளுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம்.

நல்ல காரியம். ஆனால் உபரி என்பது ஆற்றில் வெள்ளம் வரும் வருஷத்துப் பேச்சு. 2020-ம் ஆண்டின் கணக்குப்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435-ல், பூமிக்குள் ஊறுவதைவிட அதிகமாக இறைத்துக் கொண்டிருந்தோம். விருந்தாளி கொண்டு வந்த பலகாரத்தை நம்பி வீட்டில் அடுப்பை அணைக்கலாமா?

அவிநாசியில்

மாலையில் திரும்பி வந்தபோது ரிக் ஓய்ந்திருந்தது. 1,100 அடி. தூள்தான். கோபுரத்தை மறுபடி படுக்க வைத்துக் கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் தள்ளாடிக் கொண்டே வந்து, அந்தக் குழியின் அருகில் நின்றார்.

"முதல்ல மூடி போடு சாமி. ஊர்ல குழந்தைக இருக்குது" என்றார் மகனிடம்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், தண்ணீர் இல்லாமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று இரண்டு வயதுக் குழந்தையை விழுங்கியது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் எந்தத் தாய் தூங்கினாள்? மகன் ஒன்றும் சொல்லாமல் ஒரு பலகைக் கல்லைப் புரட்டிக் கொண்டு வந்து வைத்தார். ஓவியர் கை கொடுத்தார். அன்றைக்கு அவர் படம் போடவே இல்லை.

தம்முடைய வண்டியிலேயே எங்களை அவிநாசியில் கொண்டு விடுவதாகச் சொன்னார் தோட்டத்துக்காரர். கோயிலுக்கும் வந்தார். அவிநாசியின் பெருமை வாசகர்கள் அறிந்ததே. குளத்து முதலை விழுங்கிய பாலகனை, சில வருஷங்கள் கழித்துச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி, அந்த வருஷங்களின் வளர்ச்சியோடு மீட்டுத் தந்தார் என்பது ஸ்தல புராணம். இந்த ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலிலேயே கேட்கும் கதை.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது தோட்டத்துக்காரர் சொன்னார்: "விழுங்கினதைத் திருப்பிக் குடுத்த ஊருங்க இது. நாங்க பூமியில இருந்து விழுங்கினதைத்தான் திருப்பிக் குடுக்கத் தெரியாம நிக்கிறோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து விட்டு, "வாழை ரெண்டு ஏக்கரா இந்த வெட்டோட சரிங்க சார். அந்த எடத்துல சோளம் தெளிச்சுடலாம்னு இருக்கேன். அப்பன் நாலு வருசமாச் சொல்றாரு" என்றார்.

"வருமானம் குறையுமே?" என்றேன். இந்த முறை புத்திசாலித்தனம் காட்டுவதற்காக அல்ல, உண்மையான கவலையால்.

"குறையுமுங்க. ஆனா அஞ்சாவது போர் போடற காசு மிச்சமாகுமில்ல?"

கோயிலுக்கு வெளியே கடைவீதியில் வண்டியை நிறுத்தினார். இரும்புச் சாமான் கடை ஒன்றில் நுழைந்தார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பொருள்களோடு வந்தார். ஒன்று, போர்க் குழாயின் வாயில் திருகிப் பூட்டும் இரும்பு மூடி. மற்றொன்று, சிறிய டப்பா ஒன்று.

"அது என்னங்க?" என்று கேட்டார் ஓவியர்.

"சிவப்புப் பெயிண்டுங்க" என்றார் தோட்டத்துக்காரர். "கோடு எந்த உயரத்துல போடறதுன்னு அக்காவைத்தான் கேக்கணும்."